பொம்பளையாள் கூலி: பெருமுக்கல் முதல் மரக்காணம் வரை

திண்டிவனத்திலிருந்து கடலோரத்து மரக்காணம் போகும் சாலையில் பெருமுக்கல் இருக்கிறது. வரலாற்று நூல்களில் இந்த ஊருக்கு இடம் வாங்கிக் கொடுத்தது அதன் மலை. மலைமேல் முக்தியாசலேசுவரர் கோயிலும் சோழர் காலக் கல்வெட்டுகளும் உண்டு. பாறையில் தொல்பழங்காலத்துக் கீறல்கள் உண்டு. கர்நாடகப் போர்க் காலத்தில் இது ஒரு கோட்டை. ஆங்கிலேயர் வாயில் 'பெர்மாக்கோயில்' ஆகி, 1760இல் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டின் படையிடமும் 1782இல் ஹைதர் அலி தரப்பிடமும் கைமாறியது. இத்தோடு பெருமுக்கல் வரலாறு முடிந்துவிட்டதாகத்தான் பெரும்பாலும் எழுதப்படுகிறது. ஆனால் மலையடியில் கல் உடைத்தவர்கள், கிழக்கே உப்பு சுமந்தவர்கள், சுற்றியுள்ள கழனிகளில் நாற்று நட்டு மல்லாட்டை (நிலக்கடலை) பறித்தவர்கள் ஆகியோருக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அந்த மூன்று தொழிலுக்கும் பொதுவான ஒன்று உண்டு. மூன்றிலும் கூலி இரண்டு: ஆம்பளையாள் கூலி, பொம்பளையாள் கூலி. ஒரே வேலைக்கு இரண்டு கூலி தருவதாக இங்கே யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். 'அது வேற வேலை, இது வேற வேலை' என்பார்கள். இந்தப் பதிலைத்தான் நாம் நின்று விசாரிக்க வேண்டும். வேலை வேறாக இருந்ததால் கூலி வேறானது என்று நம்பப்படுகிறது. இந்தக் கரையின் கதையை வரிசையாகப் பார்த்தால், கூலி குறைவாக இருக்க வேண்டியவரின் கையில் எந்த வேலை போனதோ அந்த வேலைக்குச் 'சின்ன வேலை' என்று பெயர் வந்தது தெரிகிறது. பெண்களின் வேலையிலும் ஊதியத்திலும் சமத்துவத்தை நோக்கிய நடை இன்று தளர்ந்திருப்பதற்குக் காரணமும் அந்தப் பெயரில்தான் ஒளிந்திருக்கிறது என்பது என் வாதம்.

முதலில் உப்பளம். தூத்துக்குடிக்கும் வேதாரண்யத்துக்கும் அடுத்ததாகத் தமிழ்நாட்டில் பெரிய உப்பளப் பரப்பு மரக்காணத்தினுடையது; கழுவெளிச் சதுப்புநிலத்தை ஒட்டி மூவாயிரம் ஏக்கருக்கும் மேல் விரிந்திருக்கிறது. வடகிழக்குப் பருவமழையின் நீர் வடிந்து, தை பிறந்த பிறகு பாத்திகளைச் சீர்செய்யத் தொடங்குவார்கள். சேற்றை மிதித்துத் தளம் இறுக்குவது, வரப்பு கட்டுவது, உவர்நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றிச் செறிவேற்றுவது, படிந்த உப்பைப் பலகையால் வாரிக் கரையில் ஒதுக்குவது ஆகியவை பெரும்பாலும் ஆண்களின் வேலை. ஒதுக்கிய உப்பைக் கூடையில் அள்ளித் தலையில் ஏற்றி, வழுக்கும் வரப்பில் நடந்து, அம்பாரத்தில் கொட்டிவிட்டுத் திரும்புவது பெண்களின் வேலை. வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்பதால் விடியும் முன்பே தொடங்கிவிடும். கூடைக்கு 20 கிலோ என்றே வைத்துக்கொள்வோம்; 100 நடை நடந்தால் இரண்டு டன் ஒரு பெண்ணின் கழுத்தின் வழியாக இடம் மாறியிருக்கிறது. இதற்கு உப்பளத்தில் வழங்கும் பெயர் 'கூடை தூக்குறது'. வாருவது தொழில், தூக்குவது கைவேலை என்ற ஏற்பாடு அந்தப் பேச்சிலேயே குடியிருக்கிறது. நகரத்துச் சந்தைக்கு வந்து பாருங்கள்: அங்கே சுமை தூக்குவது ஆண்களின் வேலை, சங்கம் வைத்து, மூட்டைக்கு இவ்வளவு என்று பேசி வாங்குகிறார்கள். 'கனமான வேலை' என்பதே அங்கே கூலி உயர்வுக்கான நியாயம். அதே கனம் பெண் தலையில் ஏறும்போது அந்த நியாயம் எங்கே போகிறது?

இது ஆதியிலிருந்து வருகிற ஏற்பாடு என்று சொல்லப்படுவதுண்டு. ஆதியை எடுத்துப் பார்ப்போம். மரக்காணத்துக் கரையைத்தான் சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் என்று ஆய்வாளர் பலர் கொள்கிறார்கள். அந்தப் பாட்டின் தலைவன் நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மா நாடு இன்றைய திண்டிவனத்துச் சுற்றுவட்டாரம். சங்கப் பாடல்களில் உப்பு வணிகர் உமணர். அவர்களோடு வரும் உமணப் பெண்கள் தெருவில் உப்பைக் கூவி விற்கிறார்கள். நெல்லுக்கு உப்பு என்று மாற்று விகிதத்தைத் தாங்களே சொல்கிறார்கள். பாட்டை அப்படியே பொருளாதார ஆவணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது எனக்கும் தெரியும். அந்தப் பெண் ஈட்டியது யார் கைக்குப் போனது என்று பாட்டு சொல்லவில்லை. ஆனாலும் உப்பைச் சுமக்கிற பெண் உப்புக்கு விலை சொல்லவும் செய்தாள் என்பது ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய புலவர்களுக்கு வியப்பாக இல்லை. விலை சொல்லும் வாய் இருந்தவளை, கூலி சொல்லக் கேட்டுக்கொள்ளும் காது மட்டும் உள்ளவளாக ஆக்கியது ஆதி வழக்கம் என்றால், அந்த ஆதி எந்த ஆண்டில் தொடங்கியது என்று கேட்கத்தானே வேண்டும்.

ஒரு ஆண்டை உறுதியாகச் சொல்லலாம். 1805இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் தனியுரிமை ஆக்கியது. விளைந்த உப்பு முழுவதும் சர்க்காருக்கே போக வேண்டும். விளைவித்தவருக்குச் சர்க்கார் நிர்ணயித்த 'குடிவாரம்' கிடைக்கும். விற்பனை விலையும் சர்க்காருடையதே. உப்பளத்தில் இருந்த ஆண் பெண் எல்லாருடைய விலை சொல்லும் உரிமையும் அதோடு போயிற்று. ஆனால் போனது எல்லாருக்கும் ஒரே அளவில் போகவில்லை. பாத்திக்கு உரிமை, கணக்கில் பெயர், அதிகாரியோடு பேச்சு ஆகியவை ஆணின் பெயரில் எழுதப்படும் சமூகத்தில், ஏட்டில் ஏறாத வேலையெல்லாம் துணைவேலை ஆகிவிடும். சுமப்பவளுக்கு ஏட்டில் பத்தியே இல்லை. பாத்தியில் நின்றவர்களில் மிகப் பலர் நிலமில்லாத சாதிகளைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பேரம் பேசும் இடம் ஆணுக்கே குறுகலாக இருந்தபோது, அவனுக்குப் பின்னால் நின்றவளுக்கு அது எவ்வளவு இருந்திருக்கும்?

பெண்ணுக்குக் குறைவு என்பதை அரசே எழுதி வைத்ததற்குச் சான்று வேண்டுமென்றால், இந்தக் கரையை வந்து தொடும் பக்கிங்காம் கால்வாயிடம் கேட்கலாம். வடக்கே ஆந்திரக் கரையில் தொடங்கி, சென்னையைக் கடந்து, தெற்கே மரக்காணத்தில் முடிகிற இந்த நீர்வழியில் உப்பும் விறகும் படகேறிச் சென்னைக்குப் போயின. 1876 முதல் 1878 வரை மாகாணத்தை அழித்த தாது வருடப் பஞ்சத்தில், அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் அதனால்தான் கால்வாய்க்கு வந்தது. அந்தப் பஞ்சத்தில் இந்திய அரசு அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலைக்கு ஒரு கூலியை வகுத்தார். நாள் முழுக்க உழைக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும். பெண்ணுக்கும் வேலை செய்யும் பிள்ளைக்கும் அதிலும் கொஞ்சம் குறைவு. மாகாணத்தின் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ் இந்த அளவு உயிர் தரிக்கப் போதாது என்று எதிர்த்துப் போராடினார். அவருடைய வாதம் தானியத்தின் அளவைப் பற்றியது, நியாயமான வாதம். நான் சுட்டிக்காட்ட விரும்புவது கூலியின் அமைப்பை. மண் சுமக்கும் பெண் எவ்வளவு மண் சுமந்தாள் என்று அளந்து அந்தக் குறைவு வரவில்லை. அவள் பெண் என்பதால் முன்கூட்டியே வந்தது. பட்டினியின் விளிம்பில் நின்ற ஒரு ஜனத்தொகைக்கு, அரசாங்கக் காகிதத்தில், உயிர்வாழும் செலவே பெண்ணுக்குக் குறைவு என்று எழுதப்பட்டது. ஊர் வழக்கம் என்று நாம் நினைப்பதில் எத்தனை பங்கு இப்படிப்பட்ட காகிதங்களிலிருந்து வந்தது என்று பிரித்துச் சொல்வது இன்று கடினம். வழக்கமும் காகிதமும் ஒன்றையொன்று தாங்கி நின்றன என்று மட்டும் சொல்லலாம்.

பரம்பரை வழக்கம் என்ற வாதத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு கழனியில் இருக்கிறது. மல்லாட்டை தென்னமெரிக்கப் பயிர். 'மணிலா' என்ற அதன் இன்னொரு பெயரே அது கப்பலேறி வந்ததைச் சொல்கிறது. தென்னார்க்காட்டில் அது பெரும்பயிராகப் பரவியது பத்தொன்பதாம் நூற்றாண்டில்; புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சின் எண்ணெய் ஆலைகளுக்கு ஏற்றுமதியானது அந்தப் பரவலை ஊக்கியது. அப்பயிருக்கு நம் தாத்தாக்களின் தாத்தாவுக்கு முன்னால் இந்த மண்ணில் வழக்கமே கிடையாது. ஆனாலும் ஏர் ஓட்டுவது, நீர் இறைப்பது, மூட்டை ஏற்றுவது ஆணுக்கு. விதை போடுவது, களை எடுப்பது, குனிந்து கொடியிலிருந்து காய் ஆய்வது பெண்ணுக்கு என்று உடனே பிரிந்துவிட்டது. கூலியும் கூடவே பிரிந்தது. புதுப்பயிருக்கும் பழைய பங்கீடு வந்து உட்கார்ந்துகொண்டது என்றால், அந்தப் பங்கீடு பயிரின் தேவையிலிருந்து பிறக்கவில்லை என்று பொருள். யாருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்ற முடிவு முன்பே தயாராக இருந்திருக்கிறது. வேலையைத்தான் அதற்குத் தக்கபடி வெட்டித் தைத்தார்கள்.

உப்பு இந்த நாட்டின் அரசியலுக்குள் பெருக்கெடுத்து வந்த 1930ஆம் ஆண்டிலும் இந்தப் பங்கீட்டின் நிழல் விழுந்தது. சபர்மதியிலிருந்து தண்டிக்குக் காந்தியோடு புறப்பட்ட தொண்டர்களில் பெண் ஒருவரும் இல்லை. பெண்களையும் சேர்க்க வேண்டும் என்று கமலாதேவி சட்டோபாத்யாய வாதாடினார். தமிழகத்தில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யம் சென்ற போராட்டத்தில் ருக்மிணி லட்சுமிபதி கைதாகி, உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்ற முதல் பெண் என்ற பெயர் பெற்றார். பின்னாளில் மாகாணத்தின் சுகாதார அமைச்சரும் ஆனார். உப்பு எடுக்கும் உரிமைக்காகப் பெண் சிறைக்குப் போகலாம் என்பது அன்று நிலைநாட்டப்பட்டது. உப்பு சுமக்கும் பெண்ணின் கூலி அந்தப் போராட்டத்தின் கோரிக்கையில் இடம்பெறவில்லை. வரி வேறு, கூலி வேறு என்று இதற்குச் சமாதானம் சொல்லலாம். நான் குறை சொல்லவும் வரவில்லை. விடுதலைக்குப் பிறகு சட்டம் அந்த இடத்துக்கு வந்தது. அரசமைப்பின் 39ஆவது பிரிவு சம வேலைக்குச் சம ஊதியத்தை அரசின் நெறியாக்கியது. 1958இல் இந்தியா சர்வதேச தொழிலாளர் அமைப்பின் சம ஊதிய உடன்படிக்கையை ஏற்றது. பெண்களின் நிலை பற்றிய குழு 1974இல் தந்த அறிக்கை நாட்டை உலுக்கியது. 1975இல் அவசரச் சட்டம், 1976இல் சம ஊதியச் சட்டம். 'ஒரே வேலை அல்லது ஒத்த தன்மையுள்ள வேலை' என்பதே அச்சட்டத்தின் உயிர்நாடி. 2019இன் ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே உள்வாங்கியிருக்கிறது.

இச்சட்டம் நன்றாக வேலை செய்த இடங்களும் உண்டு. 1987இல் ஒரு கப்பல் நிறுவனத்தின் பெண் சுருக்கெழுத்தர் தொடர்ந்த வழக்கில், ஆண் சுருக்கெழுத்தர்களுக்குக் கொடுப்பதையே பெண்களுக்கும் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டுபடியாகாது என்ற நிறுவனத்தின் வாதம் எடுபடவில்லை. அங்கே ஒப்பிடுவது எளிது: இரண்டு நாற்காலி, இரண்டு தட்டச்சு, ஒரே கடிதம். மரக்காணத்துப் பாத்தியில் எதை எதோடு ஒப்பிடுவது? வாருகிற பெண் இல்லை, கூடை தூக்குகிற ஆண் அரிது. ஒப்பிடுவதற்கு ஆள் இல்லாதபடி வேலையே முன்கூட்டிப் பிரிக்கப்பட்டுவிட்டால் 'ஒத்த வேலை' என்ற சொல் காற்றில் நிற்கிறது. உப்பளத் தொழிலுக்குத் தமிழ்நாட்டில் குறைந்தபட்சக் கூலி உண்டு. ஆனால் எந்தப் பணி எந்த வகையில் சேரும் என்ற இடத்தில்தான் பழைய பெயர் புதிய தாளில் மறுபடி ஏறிவிடுகிறது. சட்டத்தை இயற்றியவர்கள் சமத்துவத்தை மனதார விரும்பினார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஒரே வேலைக்கு இரண்டு கூலி என்ற நோயைப் பார்த்து மருந்து எழுதினார்கள். இங்கே இருந்தது வேறு நோய்.

இதற்கு வரும் எதிர்வாதங்களைத் தட்டிக்கழிக்க முடியாது. உடல் வலிமை என்பது ஒன்று. கூடையின் எடையைப் பற்றி மேலே சொன்னதே அதற்குப் போதும். சந்தை என்பது இரண்டாவது: பெண்கள் குறைந்த கூலிக்கு வரத் தயாராக இருக்கிறார்கள், அதனால் கூலி குறைகிறது, இதில் யாருடைய சதியும் இல்லை என்பார்கள். இதில் பாதி உண்மை. வேறு போக்கிடம் இல்லாதவர் குறைந்த கூலிக்கு வருவார். அந்தப் போக்கிடம் வந்தபோது என்ன நடந்தது என்பதற்கு இந்த மாவட்டமே சாட்சி. 2006 பிப்ரவரியில் ஊரக வேலை உறுதித் திட்டம் நாட்டின் 200 மாவட்டங்களில் தொடங்கியபோது தமிழ்நாட்டில் தேர்வான ஆறு மாவட்டங்களில் விழுப்புரமும் ஒன்று. அன்றைய கூலி 80 ரூபாய், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும் என்றது சட்டம். தமிழ்நாட்டிலோ பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பெண்களே வந்தார்கள். ஏன் ஆண்கள் வரவில்லை? அவர்களுக்கு வெளியே அதைவிடக் கூடுதல் கிடைத்தது. ஏன் பெண்கள் திரண்டார்கள்? அவர்களுக்கு வெளியே கிடைத்தது அதைவிடக் குறைவு. ஏரிக்கரையில் நின்ற அந்தக் கூட்டமே கூலி வித்தியாசத்துக்கு எழுதப்படாத கணக்கெடுப்பு. 'நூறு நாள் வேலையால் நடவுக்கு ஆள் கிடைப்பதில்லை' என்ற நிலக்காரர்களின் புலம்பல் உடனே எழுந்தது. சிறு விவசாயியின் கஷ்டம் பொய்யில்லை. ஆனால் அந்தப் புலம்பலுக்குள், இதுவரை நடவு எந்த விலைக்கு நடந்தது என்ற ஒப்புதலும் இருந்தது.

மூன்றாவது வாதம்தான் மனத்தில் ஆழமாக வேர்விட்டது: ஆணின் கூலி குடும்பத்துக்கு, பெண்ணின் கூலி கைச்செலவுக்கு, ஆகவே வித்தியாசம் நியாயம். இதைச் சொல்பவர்கள் 2023 மே மாதத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் பத்துக்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. அந்த வீடுகளில் பல, சம்பாதிக்கும் ஆணை ஒரே இரவில் இழந்தன. மறுநாள் முதல் 'கைச்செலவுக்கு' என்று விலை வைக்கப்பட்ட உழைப்புதான் வாடகைக்கும் மருந்துக்கும் பள்ளிக்கும் ஆகியிருக்க வேண்டும். சாராயச் சாவு நேராத வீடுகளிலும் ஆணின் கூலி முழுதாக வீடு வந்து சேர்கிறது என்று இந்தக் கரையில் எந்தப் பெண்ணும் சத்தியம் செய்ய மாட்டாள். வேலைக்கான கூலியை, வேலை செய்பவரின் வீட்டு நிலைமையை ஊகித்து நிர்ணயிப்பது ஆண்களிடம் யாரும் செய்யாத காரியம். கல்யாணமாகாத இளைஞனுக்கு 'உனக்குத்தான் குடும்பம் இல்லையே' என்று எந்த உப்பளக்காரரும் கூலியைக் குறைப்பதில்லை.

படிப்பு இதையெல்லாம் மாற்றிவிடும் என்று ஒரு தலைமுறை முழுவதும் நம்பியது. நம்பியதில் தவறில்லை, மாறவும் செய்தது. 2011 கணக்கெடுப்பில் விழுப்புரம் மாவட்டத்தில் ஆண்களின் எழுத்தறிவு ஏறத்தாழ 80 சதவீதம், பெண்களுடையது 63. அந்த இடைவெளியை இளையவர்கள் மூடிவிட்டார்கள். பிளஸ் டூ தேர்ச்சியில் ஆண்டுதோறும் பெண் பிள்ளைகள் முந்துகிறார்கள். 2021-22இல் தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் பெண்களுக்கு 47.3, ஆண்களுக்கு 46.8. தாலிக்குத் தங்கம் கொடுத்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திட்டம் 2022இல் கல்லூரி மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமாக மாறியது. கல்யாணத்துக்குக் கொடுத்த பணம் படிப்புக்குத் திரும்பியதை நான் பெரிய வரலாற்றுத் திருப்பமாகவே கருதுகிறேன். ஆனால் படிப்பு முடிந்து வேலைவாசலுக்கு வரும்போது நடை தளர்கிறது. உலகப் பொருளாதார மன்றத்தின் 2025 அறிக்கையில் இந்தியா கல்வியில் ஆண் பெண் இடைவெளியை 97 சதவீதம் மூடியிருக்கிறது. பொருளாதாரப் பங்கேற்பில் 41 சதவீதம்கூட எட்டவில்லை. இப்போதைய வேகத்தில் உலகம் முழுச் சமத்துவத்தை எட்ட 123 ஆண்டு ஆகும் என்கிறது அதே அறிக்கை. கிராமப்புறப் பெண்களின் வேலைப் பங்கேற்பு 2017-18இல் 24.6 சதவீதமாக இருந்து 2023-24இல் 47.6 ஆக ஏறியிருக்கிறதே என்று கேட்கலாம். ஏறியதில் பெரும்பகுதி சுயவேலையும், வீட்டுத் தொழிலில் கூலியில்லாத கைத்துணையும். வேலையில் இருக்கிறார்கள் என்று பதிவானது நல்லது. சம்பளம் என்ற பத்தி பலருக்குக் காலியாகவே இருக்கிறது. 2024ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88. அதிகாலைப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய வேலைக்குப் போக முடியுமா என்பதை, எந்தப் படிப்பு இருந்தாலும், இந்த நிமிடங்களே தீர்மானிக்கின்றன.

எண்ண முடிந்ததை எண்ணிச் சரிசெய்துவிட்டோம்: பள்ளிச் சேர்க்கை, தேர்ச்சி, ஒரே நாற்காலிக்கு ஒரே சம்பளம். எஞ்சியிருப்பது எண்ணுவதற்கு முன்பே பிரிக்கப்பட்டுவிட்ட வேலை. வேகம் குறைந்ததற்கு நான் காணும் காரணம் இது. இயந்திரம் வரும்போதும் இதுவே நடக்கிறது. பெருமுக்கலைச் சுற்றிக் கல்குவாரிகள் பெருகியபோது பாறையைத் துளைப்பதும் வெடி வைப்பதும் ஆண்களிடம் இருந்தது. சுத்தியலால் ஜல்லி உடைப்பதும் சட்டியில் ஏற்றுவதும் பெண்களிடம். கிரஷர் வந்ததும் ஜல்லி உடைக்கும் வேலை போயிற்று. கிரஷரை இயக்கும் வேலை ஆண்களுக்குப் போயிற்று. கழனியில் அறுவடை எந்திரம் வந்தபோதும் அரிவாள் கைகளே காலியாயின. பொம்பளையாள் வேலைக்கு எந்திரம் வந்தால் அது உடனே 'டெக்னிகல்' ஆகி, ஆம்பளையாள் வேலையாகி, கூலியும் உயர்ந்துவிடுகிறது. நாளை உப்பளத்தில் கூடைக்குப் பதில் கன்வேயர் பட்டை ஓடத் தொடங்கினால், அதன் சுவிட்ச் அருகே யார் நிற்பார் என்று கேட்டுப் பாருங்கள். கூடை தூக்கியவளுக்கு அந்தச் சுவிட்சைக் கற்றுக்கொடுக்க ஒரு வாரம்கூட வேண்டாம்.

இந்தக் கரையில் செய்யத்தக்க ஒரு காரியம் இருக்கிறது, அது பெரிய காரியமும் இல்லை. மழைமாதங்களில் வேலையில்லாமல் இருக்கும் உப்பளத் தொழிலாளருக்கு 5,000 ரூபாய் நிவாரணம் என்று தமிழ்நாடு அரசு கொண்டுவந்தபோது, உப்பளத்தில் தொழிலாளர் என்பவர் யார் என்று பட்டியல் எடுக்க வேண்டி வந்தது. அந்தப் பட்டியல் குடும்பத் தலைவரின் பெயரோடு நிற்காமல், கூடை தூக்குபவரின் பெயரையும் தனி வரியாகச் சேர்க்க வேண்டும். அடுத்த முறை உப்பளத் தொழிலுக்குக் குறைந்தபட்சக் கூலியைத் திருத்தும்போது, பணிகளின் பெயர்களை அப்படியே நகலெடுக்காமல், கூடையின் எடை, பாத்தியிலிருந்து அம்பாரம் வரை உள்ள தூரம், ஒரு நாளில் எத்தனை நடை, எந்த வெயிலில், எந்தத் தரையில் என்று எழுதி, அதன்பின் வாருபவரின் வேலையோடு வைத்து நிறுக்க வேண்டும். அதற்கு ஒரு தராசும் ஓர் அளவுநாடாவும் போதும். தொழிலாளர் துறை ஆய்வாளர் ஒரு நாள் விடியலுக்கு முன் பாத்திக்கு வந்தால் வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும்.